லாக் பத்திரமாகப் போய்ச் சேர 13 குறிப்புகள்

விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருக்கும் கண்டமங்கலத்தில் ஒரு தலைமை அலுவலகம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒவ்வொரு கிளை என்று வைத்துக்கொள்வோம். நிதி நிறுவனம், பள்ளி, மருந்து மொத்த விற்பனை என எதுவாக இருந்தாலும் மூன்று இடத்திலும் சர்வர் ஓடும். யார் உள்ளே நுழைந்தார், எத்தனை முறை தவறான பாஸ்வேர்டு போட்டார், எந்தக் கோப்பு மாறியது என்று எல்லாவற்றையும் சர்வர் தானே எழுதி வைக்கிறது. அதுதான் லாக். திருட்டுத்தனமாக உள்ளே வருபவர் தடயம் தெரியாமலிருக்க அழிக்கப் பார்ப்பதும் அதைத்தான். அதனால் கிளைகளின் லாக்கை உடனுக்குடன் தலைமை அலுவலகத்து லாக் சர்வருக்கு அனுப்பிவிடுவது நல்லது.

போகிற வழியில் அதை யாரும் படிக்கக் கூடாது, திருத்தக் கூடாது, பொய் லாக்கை நுழைக்கவும் கூடாது. அதற்கு அனுப்பும் சர்வரும் வாங்கும் சர்வரும் ஒன்றுக்கொன்று சான்றிதழ் காட்ட வேண்டும். பத்திரப் பதிவில் எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இருவரிடமும் அடையாள அட்டை கேட்கிறார்களே, அதே முறைதான். அதைச் சரியாகச் செய்ய இதோ சில குறிப்புகள்.

1. பழைய வாசலை மூடுங்கள். 1980-களில் எரிக் ஆல்மன் உருவாக்கிய சிஸ்லாக் முறைதான் இன்றும் பல இடங்களில் ஓடுகிறது. யுடிபி 514 போர்ட் வழியாகப் போகும் அந்த லாக்குக்கு எந்தப் பூட்டும் இல்லை. நடுவில் இருப்பவர் அப்படியே படிக்கலாம். அனுப்பியவர் முகவரியைப் பொய்யாகப் போடுவதும் எளிது. போய்ச் சேர்ந்ததா என்று பதிலும் வராது. 2009 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 5425 என்ற தர ஆவணம், டிஎல்எஸ் பூட்டோடு லாக் அனுப்பும் முறையை வகுத்து, அதற்கு 6514 என்ற போர்ட்டையும் ஒதுக்கியது. அதைத் திறந்து 514-ஐ மூடுங்கள். 6514-ம் உங்கள் கிளைகளின் ஐபி முகவரிகளுக்கு மட்டும் திறந்திருந்தால் போதும்.

2. டிஎல்எஸ் பதிப்பைப் பாருங்கள். 1.0, 1.1 இரண்டும் 2021 மார்ச்சில் கைவிடப்பட்டவை. 1.2-க்குக் கீழே இறங்க விடாதீர்கள். இரு பக்கமும் ஏற்றுக்கொண்டால் 1.3 இன்னும் நல்லது.

3. மற்ற சான்றிதழ்களுக்குக் கையெழுத்திடும் தாய்ச் சான்றிதழை நீங்களே உருவாக்குங்கள். வெப்சைட்டுக்கு வாங்கும் பொதுச் சான்றிதழை இந்த வேலைக்கு நம்பியிருக்க வேண்டாம். பொதுச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், இணைப்பைத் தொடங்கும் பக்கத்தின் அடையாளமாகத் தன் சான்றிதழ்களைப் பயன்படுத்தும் வசதியை 2026-ல் நிறுத்துவதாக 2025-லேயே அறிவித்துவிட்டது. அதைவிடப் பெரிய காரணம் நம் நாட்டிலேயே உண்டு. 2014 ஜூலையில், தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து கூகுள் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியானது தெரியவந்தது. அந்தப் பிரிவின் சான்றிதழ்கள் உடனே ரத்துசெய்யப்பட்டன. பொதுச் சான்றளிப்பாளர் எல்லோரையும் நம்பும் சர்வர், அவர்களில் ஒருவரிடம் நடக்கும் தவறுக்கும் கதவைத் திறந்துவிடும். உங்கள் லாக் சர்வர் உங்கள் தாய்ச் சான்றிதழ் ஒன்றை மட்டும் நம்பினால் போதும். ஓப்பன்எஸ்எஸ்எல் அல்லது குனூடிஎல்எஸ்ஸின் சர்ட்டூல் கொண்டு செலவில்லாமல் உருவாக்கிக்கொள்ளலாம்.

4. தாய்ச் சாவியை லாக் சர்வரில் வைக்காதீர்கள். தாய்ச் சான்றிதழை எல்லோருக்கும் கொடுக்கலாம். அதோடு சேர்ந்த ரகசியக் கோப்பான தனிச்சாவியை ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது. அது கையில் கிடைத்தவர் உங்கள் பெயரில் எத்தனை சான்றிதழ் வேண்டுமானாலும் அடித்துக்கொள்வார். இன்டர்நெட் இணைப்பு இல்லாத ஒரு கம்ப்யூட்டரில் உருவாக்கி, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, இரண்டு பென் டிரைவில் வையுங்கள். ஒன்று அலுவலக பீரோவில், இன்னொன்று வேறு ஊரில் இருக்கட்டும்.

5. ஒரு சர்வருக்கு ஒரு சான்றிதழ். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஒரே சான்றிதழைப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். நாளைக்கு ஒரு கிளையின் சாவி களவுபோனால் இரண்டு கிளையையும் நிறுத்த வேண்டிவரும். எந்த லாக் எங்கிருந்து வந்தது என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது.

6. சாவி பிறந்த இடத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு சர்வரும் தன் தனிச்சாவியைத் தானே உருவாக்கி, சான்றிதழ் கேட்கும் விண்ணப்பக் கோப்பை மட்டும் கண்டமங்கலத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே கையெழுத்தாகித் திரும்புவது சான்றிதழ் மட்டுமே. இதனால் தனிச்சாவி வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ பயணம் செய்யும் தேவையே எழாது. சர்வரிலும் அந்தக் கோப்பின் அனுமதியை 600 என்று வையுங்கள். லாக் சேவை எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அதற்கு மட்டும் கோப்பு சொந்தமாக இருக்கட்டும்.

7. பெயரில் கவனம். இணைப்பு கிடைக்காமல் போவதற்கு அடிக்கடி காரணம் பெயர்ப் பொருத்தம் இல்லாததுதான். கிளை சர்வர் எந்தப் பெயரைச் சொல்லி லாக் சர்வரைக் கூப்பிடுகிறதோ அதே பெயர் சான்றிதழின் மாற்றுப்பெயர்ப் பகுதியில் இருக்க வேண்டும். ஐபி முகவரியால் கூப்பிட்டால் அந்த முகவரி அங்கே இருக்க வேண்டும். இணைப்பு நிறுவனம் முகவரியை மாற்றினால் சான்றிதழும் பயனற்றுப்போகும் என்பதால் பெயரால் கூப்பிடுவதே நல்லது.

8. "பூட்டு இருக்கிறது" என்பதோடு நிற்காதீர்கள். இந்தப் பட்டியலில் மிக முக்கியமானது இதுதான். பல லினக்ஸ் சர்வர்களில் ஓடும் ஆர்சிஸ்லாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குனூடிஎல்எஸ் இணைப்புப் பொதியை நிறுவிய பிறகு சரிபார்ப்பு முறையை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 'அனான்' என்று வைத்தால் செய்தி பூட்டப்படும். எதிரில் இருப்பது யார் என்று பார்க்கப்படாது. 'சர்ட்வேலிட்' என்று வைத்தால், உங்கள் தாய்ச் சான்றிதழ் கையெழுத்திட்ட யாரும் உள்ளே வரலாம். அப்போது திண்டிவனத்து சர்வரைக் கைப்பற்றியவர் தன்னையே லாக் சர்வர் என்று காட்டி விழுப்புரத்து லாக்கை வாங்கிக்கொள்ள முடியும். 'நேம்' என்று வைத்து, அனுமதித்த பெயர்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். லாக் சர்வரில் இரண்டு கிளைகளின் பெயர், கிளைகளில் லாக் சர்வரின் பெயர் என இரு பக்கமும் எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சரிபார்த்தால் இந்த ஏற்பாட்டின் பாதிப் பயன் போய்விடும். சிஸ்லாக்-என்ஜி, லாக்ஸ்டாஷ் போன்றவற்றிலும் எதிர்ப்பக்கச் சான்றிதழைக் கட்டாயமாக்கும் அமைப்பு உண்டு. 'இருந்தால் பார், இல்லாவிட்டால் விடு' என்ற நிலையில் அதை விட்டுவைக்காதீர்கள்.

9. கடிகாரம் சரியாக இருக்கட்டும். சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பேட்டரி தீர்ந்து பழைய தேதிக்குப் போன சர்வருக்கு, புதிய சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்றாகத் தெரியும், இணைப்பை மறுத்துவிடும். மூன்று ஊர் லாக்கையும் வரிசைப்படுத்திப் பார்க்கவும் ஒரே நேரம் தேவை. தேசிய தகவலியல் மையம், தேசிய இயற்பியல் ஆய்வகம் ஆகியவற்றின் நேர சர்வர்களோடு இணைத்துக்கொள்ளுங்கள். சைபர் அவசரநிலைகளைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-ல் வெளியிட்ட உத்தரவும் இதையே சொல்கிறது.

10. புயலுக்கும் ஒரு வழி வையுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. இப்படிப்பட்ட நாளில் மின்சாரமும் இணைப்பும் போவது இயல்பு. கிளை சர்வரில் டிஸ்க்கில் சேமிக்கும் வரிசை ஒன்றை இயக்கி வையுங்கள். இணைப்பு அறுந்தால் லாக் அங்கே சேரும். திரும்பியதும் வரிசையாகப் போகும். டிசிபி இணைப்பு திடீரென்று அறும்போது, அனுப்பியதாகக் கணக்கான சில வரிகள் வழியில் தொலைந்துபோவதும் உண்டு. ஒரு வரியும் போகக் கூடாது என்றால், பெற்றுக்கொண்டேன் என்று பதில் தரும் ரெல்ப் முறையைப் பயன்படுத்துங்கள். அதிலும் இருபக்கச் சான்றிதழ் செல்லும். வரிசைக்கு எவ்வளவு இடம் என்று வரம்பும் போட்டுவையுங்கள். டிஸ்க் நிறைந்தால் சர்வரே நின்றுபோகும்.

11. காலாவதி நாளைச் சுவரில் எழுதுங்கள். 2017-ல் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் தகவல் திருட்டு 76 நாள் நடந்தும் யாருக்கும் தெரியவில்லை. நெட்வொர்க் போக்குவரத்தைக் கண்காணிக்கும் கருவியில் இருந்த சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தது. அதைப் புதுப்பித்ததுமே சந்தேகமான போக்குவரத்து கண்ணில் பட்டது. லாக்குக்கான சான்றிதழ் காலாவதியானால் அலுவலக வேலை எதுவும் நிற்காது, அதனால் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்; ஆபத்தே அங்கேதான். முடிவதற்கு 30 நாள் முன்பே மின்னஞ்சல் வரும்படி ஒரு சிறு நிரல் எழுதி வையுங்கள். ஏதாவது ஒரு கிளையிலிருந்து ஒரு மணி நேரம் லாக்கே வராவிட்டாலும் எச்சரிக்கை வர வேண்டும்.

12. மூன்று சோதனை செய்யுங்கள். முதலாவது, சான்றிதழ் இல்லாமல் 6514-ஐத் தட்டுங்கள், மறுக்க வேண்டும். இரண்டாவது, வேறொரு தாய்ச் சான்றிதழில் அதே பெயரோடு ஒரு போலி தயாரித்துத் தட்டுங்கள், மறுக்க வேண்டும். மூன்றாவது, உங்கள் தாய்ச் சான்றிதழிலேயே, பட்டியலில் இல்லாத பெயருக்கு ஒன்று தயாரித்துத் தட்டுங்கள். அதையும் மறுக்க வேண்டும். மூன்றாவதை ஏற்றுக்கொண்டால் 8-ஆம் குறிப்புக்குத் திரும்புங்கள். டிஎல்எஸ் 1.3-ல் முதலில் இணைப்பு கிடைத்ததுபோலத் தோன்றி, அடுத்த நொடி மறுப்பு வரும். அதனால் லாக் சர்வரில் அந்த வரி பதிவானதா என்று பார்த்தே முடிவு செய்யுங்கள். ஒரு சர்வர் திருடுபோனாலோ பழுதுக்கு வெளியே போனாலோ, அன்றே அதன் பெயரை அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு இந்தச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

13. போய்ச் சேர்ந்ததையும் பாதுகாத்து வையுங்கள். டிஎல்எஸ் வழியைத்தான் காக்கும்; லாக்குக்குள் இருப்பதை நீங்கள்தான் காக்க வேண்டும். பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் உள் லாக்கில் பதிவானதைக் கண்டுபிடித்த ட்விட்டர், 2018 மே மாதம் தன் 33 கோடிப் பயனர்களையும் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளச் சொன்னது. பாஸ்வேர்டு, ஆதார் எண், ஓடிபி போன்றவை லாக்கில் விழாதபடி மென்பொருளை எழுதுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். செர்ட்-இன் உத்தரவுப்படி லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். சைபர் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அந்த 6 மணி நேரத்தில் உங்களுக்காகப் பேசப்போவது இந்த லாக்தான். அதில் ஒவ்வொரு வரியும் எந்த சர்வரிலிருந்து வந்தது என்று தயங்காமல் சொல்ல முடிந்தால், இத்தனை ஏற்பாட்டுக்கும் பலன் கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. முதலில் ஒரு கிளையை இணைத்து, ஒரு வாரம் கவனித்துவிட்டு, அடுத்ததற்குப் போங்கள்.