காக்டெயில் மாலை: அம்பத்தூர், ஆவடிக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்கள் ஸ்டைலான காக்டெயில் லவுஞ்சுக்குப் பெரும்பாலும் நகருக்குள்தான் போக வேண்டியிருக்கிறது. போவது சுலபம், ராத்திரி திரும்புவதுதான் பெரும்பாடு.

1. திரும்பும் வழியைப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள். ஈக்காட்டுத்தாங்கல் ஹில்டனின் மொட்டைமாடி 'கியூ பார்' பாடியிலிருந்து நூறடி ரோட்டிலேயே வந்துவிடும். ஜெமினி மேம்பாலத்தருகே 'தி பார்க்' ஹோட்டலின் 'லெதர் பார்' அழகுதான். ஆனால் அண்ணா சாலை நெரிசலைத் தாண்ட வேண்டும்.

2. அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது தரக்கூடாது.

3. தேதியைப் பாருங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மதுவிலக்கு நாட்கள்.

4. பெயரை நம்பி ஆர்டர் செய்யாதீர்கள். 'லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ'யில் டீயே கிடையாது. வோட்கா, ஜின், ரம், டெக்கீலா, ட்ரிபிள் செக் ஐந்தும் ஒரே கிளாஸில். மேலே கொஞ்சம் கோலா. நிறமும் இனிப்பும் வீரியத்தை மறைத்துவிடும். முதல்முறை போகிறவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

5. வெறும் வயிற்றில் தொடங்காதீர்கள். போதை சட்டென்று ஏறும்.

6. பில்லை வரிவரியாகப் பாருங்கள். சாப்பாட்டுக்கு ஜிஎஸ்டி உண்டு, மதுவுக்கு இல்லை. சர்வீஸ் சார்ஜ் கட்டாயமும் இல்லை, எடுக்கச் சொல்லலாம்.

7. பைக், கார் சாவியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். திருமங்கலம் வரை மெட்ரோ, பிறகு ஆட்டோ. ஆவடிக்கு சென்ட்ரலிலிருந்து மின்சார ரயில். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டால் முதல்முறையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.