உண்டியலைக் காட்டி ஏழையின் வாயை அடைக்காதீர்கள்

புத்தூர் பஸ்ஸில் ஏறினாலும் சரி, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் சரி, எங்கள் ஊர் கார்வேட்டிநகரத்தில் இந்தப் பேச்சு காதில் விழாத வாரமே இல்லை: “திருமலை உண்டியலை ஒரு தடவை திறந்துவிட்டால் ஆந்திராவில் ஏழையே இருக்க மாட்டான். கோயில் பார்த்துக்கொள்ளட்டும், சர்ச் பார்த்துக்கொள்ளட்டும். அரசாங்கம் எதற்குப் பென்ஷன், ரேஷன் என்று பணத்தைக் கொட்டுகிறது?” சொல்கிறவர்கள் படித்தவர்கள், நெற்றியில் நாமம் இட்டவர்கள். ஒருவராவது உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்ததுண்டா? கணக்கு எழுதியே பிழைத்த எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

கணக்கைப் பாருங்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 2025-26 பட்ஜெட் சுமார் 5,259 கோடி ரூபாய். அதில் உண்டியல் வரவு என்று எதிர்பார்த்தது 1,729 கோடி. சம்பளச் செலவு மட்டும் அதைவிடக் கொஞ்சம் கூட. ஆந்திர அரசு முதியோர், விதவைகள், ஊனமுற்றோர் உள்ளிட்ட அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மாதாமாதம் தரும் பென்ஷன் சுமார் 2,700 கோடி. ஒரு வருஷ உண்டியலை அப்படியே கவிழ்த்தாலும் இருபது நாள் பென்ஷனுக்குக் காணாது. அர்ச்சகர் சம்பளம் முதல் அன்னப்பிரசாதம் வரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முழு பட்ஜெட்டையும் கொடுத்தாலும் இரண்டு மாதம் ஓடாது. மூன்றாவது மாதம் பென்ஷனை நம்பியிருக்கும் கிழவிக்கு யார் கொடுப்பது? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரேஷன் அரிசிக்கெல்லாம் நான் இன்னும் வரவேயில்லை.

பணம் மட்டும்தான் குறை என்றும் நினைக்காதீர்கள். திருமலையில் அன்னதானம் அருமையாக நடக்கிறது. மலையேறி வந்தவர் யாரும் பசியோடு இறங்குவதில்லை. ஆனால் மலையேற முடியாதவள் என்ன செய்வாள்? எங்கள் பக்கம் மாதம் முதல் தேதி காலையில் கிராம சச்சிவாலயத்து ஊழியர் கைரேகை மெஷினோடு தெருவுக்கு வருகிறார். தறியில் தேய்ந்த விரலில் ரேகை எளிதில் விழாது. ஈரத்துணியில் துடைத்து, மறுபடி அழுத்தி, இந்த விரல் இல்லையென்றால் அந்த விரல் என்று மாற்றி மாற்றி வைக்கிறார்கள். ரேகை விழுந்ததும் நாலாயிரம் ரூபாய் கைக்கு வருகிறது. எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொள்கிறாள். அதற்காக யாரையும் கும்பிடவில்லை. வராவிட்டால் “ஏன் வரவில்லை?” என்று சத்தம் போடவும் அவளுக்கு வாயுண்டு. தர்மம் வராவிட்டால் யாரைப் போய்க் கேட்பாள்? எங்கள் ஊர் வேணுகோபால சுவாமி கோயிலைக் கட்டிய ஜமீன் இன்று இல்லை. கோயிலைத் தேவஸ்தானம் நடத்துகிறது. ஒரு அரண்மனையை நம்பிய தர்மத்துக்கு ஆயுசு அந்த அரண்மனை இருக்கும்வரைதான்.

பக்தி இருந்தால் அரசுத் திட்டம் வேண்டாம் என்பவர்கள் ஆந்திர முதல்வராக இருந்த என்.டி.ராமாராவையாவது நினைத்துப் பார்க்கட்டும். 1985-ல் திருமலையில் நித்ய அன்னதானத்தைத் தொடங்கி வைத்தவர் அவர். அதற்கு முன்பே, 1983-ல், கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி கொண்டு வந்தவரும் அவரேதான். காவி கட்டிய மனிதர், மலையில் பந்தி போட்டாயிற்று என்று ஊரில் ரேஷன் கடையை மூடவில்லை.

மற்ற பொய்களுக்கு இத்தனை நேரம் செலவழிக்கத் தேவையில்லை.

“சாமியார்களும் பாதிரியார்களும் இமாம்களும் அரசாங்கத்தைக் கேட்பது அரசியல்.” ஓட்டுக் கேட்பதுதான் கட்சி அரசியல். ஏழைக்கு நிதி ஒதுக்கு என்று கேட்பது தர்மத்தின் வேலை. ஸ்ரீகாகுளத்தில் பிறந்த சுவாமி அக்னிவேஷ், கொத்தடிமைகளுக்குக் கஞ்சி ஊற்றியதோடு நிற்கவில்லை. அவருடைய பந்துவா முக்தி மோர்ச்சா தொடுத்த வழக்கில்தான், கொத்தடிமைகளைக் கண்டுபிடித்து மீட்டு மறுவாழ்வு தருவது அரசின் கடமை என்று 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வள்ளலார் வழியில் நின்ற கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் 1981-ல் ‘லாஃப்டி’ என்ற அமைப்பைத் தொடங்கி, அரசையும் வங்கியையும் விடாமல் தட்டி, கீழத்தஞ்சையில் ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார். அமெரிக்காவில் ஆர்தர் சைமன் என்ற லுத்தரன் பாதிரியார், சர்ச்சில் சோறு போடுவது மட்டும் பசியைத் தீர்க்காது என்று கண்டு, 1974-ல் ‘பிரெட் ஃபார் த வேர்ல்ட்’ அமைப்பைத் தொடங்கினார். பசிக்கு வழி செய்யுங்கள் என்று அந்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுத விசுவாசிகளைத் திரட்டுவதே அதன் வேலை.

“சும்மா கொடுத்தால் சோம்பேறி ஆவார்கள்.” நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் சகாக்களும் ஆறு நாடுகளின் பண உதவித் திட்டங்களை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்ட முடிவு, பணம் வந்ததால் ஆட்கள் வேலையை விட்டதற்கு ஆதாரமில்லை என்பதுதான். இதை இன்னும் எத்தனை தடவை சொல்வது?

“எங்கள் வரிப்பணத்தில் அவர்களுக்குச் சோறு.” செல்போன் ரீசார்ஜிலும் எண்ணெய்ப் பாக்கெட்டிலும் ஏழையும் ஜி.எஸ்.டி. கட்டுகிறான். அது அவன் பணமும்தான்.

உண்டியல் பேச்சை விட்டுவிட்டு உருப்படியாக ஒன்று செய்யுங்கள். கிராம வேலைத் திட்டத்தில் சமூகத் தணிக்கையை நாட்டுக்கே நடத்திக் காட்டியது ஆந்திரா. வேலை செய்தவர் யார், கூலி யார் கைக்குப் போனது என்று ஊர்க் கூட்டத்தில் உரக்கப் படிப்பார்கள். அந்தக் கூட்டங்களில் கூலிக்காரர்கள் மட்டும்தான் உட்கார வேண்டுமா? பஜனைக் கோயில் கமிட்டி, சர்ச் கமிட்டி, மசூதி கமிட்டி ஒவ்வொன்றிலிருந்தும் கணக்குத் தெரிந்த இரண்டு பேர் வரட்டும். உங்கள் தெருவில் தகுதி இருந்தும் பென்ஷன் வராதவர், ரேஷன் கார்டு இல்லாதவர், கைரேகை விழாமல் திரும்பி வந்தவர் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். அதை சச்சிவாலயத்தில் எழுத்துமூலம் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள். அன்னதானத்துக்கு அரிசி மூட்டை தூக்கும் கைகளுக்கு ஒரு மனு எழுதவும் வரும். அதுவும் சாமி காரியம்தான்.