தன் தீர்ப்பைத் தானே திருத்தல்

தென்னேரியில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து, தறியும் பாவும் பாழான நெசவாளர் ஒருவர் இன்சூரன்சுத் தொகைக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடுகிறார் எனக் கொள்வோம். தறிக்கு 40,000 ரூபாய், பாவுக்கு 25,000 ரூபாய் என இரண்டையும் ஏற்ற ஆணையம், கூட்டுத்தொகையை 56,000 என எழுதிவிட்டது. ஆணையைப் படித்தவுடனே கண்ணில் படும் பிழை இது. 30 நாட்களுக்குள் மனுச் செய்தால் அவ்வாணையமே திருத்தலாம் என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு. இதுவே சீராய்வு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாவட்ட மன்றத்திற்கு இவ்வதிகாரம் இருந்ததில்லை.

“பாவின் மதிப்பையே குறைத்துவிட்டார்கள்” என்று அவர் வாதிட்டாலோ, அது சீராய்வு அன்று, மேல்முறையீடு. 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்திற்குச் செல்லவேண்டும். மாணவர் பலர் தேர்வில் குழம்புவது இங்கேதான். மாணவருக்குப் போவது மதிப்பெண். நெசவாளருக்கோ நாள் கடந்து பணமே போய்விடும்!

தீர்ப்புக்குப் பின் புதிய சான்று கிடைத்தால்? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 47ஆம் கட்டளை அதனையும் சீராய்வுக்குக் காரணமாக ஏற்கும். மேற்கூறிய 40ஆம் பிரிவு ஏற்காது.

மோசடி வெளிப்பட்டால் நிலை வேறு. விபத்து நடந்த விதமே பொய் எனக் காட்டும் ஆவணம் பிறகே கிடைத்ததாக யுனைடெட் இந்தியா இன்சூரன்சு நிறுவனம் ஒரு வழக்கில் முறையிட்டது. சீராய்வு அதிகாரம் தனக்கில்லை என்று விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கைவிரித்தது. மோசடியால் பெற்ற ஆணையைத் திரும்பப் பெறும் அதிகாரம் நீதிமன்றத்திற்கும் தீர்ப்பாயத்திற்கும் இயல்பாகவே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது.