பிக்கப் வண்டியில் கிளட்ச் ஆயில் கசிவு: கண்டறிதலும் சரிசெய்தலும்

பொன்னேரி, சோழவரம், செங்குன்றம் பகுதிகளிலிருந்து விளைபொருள் ஏற்றிக்கொண்டு வியாசர்பாடி வழியாகச் சென்னைக்குள் வரும் பிக்கப் வண்டிகளுக்குப் பேசின் பிரிட்ஜ் பகுதியின் சாலை நெரிசல் ஒரு சோதனையாகும். ஊர்ச் சாலையில் ஓரிரு முறை மிதிக்கும் கிளட்சை இங்கு அடிக்கு ஒரு முறை மிதிக்க வேண்டும். நாட்பட்ட வண்டியில் மறைந்திருந்த கசிவு இங்குதான் வெளிப்படும். கியர் விழாமல் வண்டி நடுச்சாலையில் நின்றுவிட்டால், கீரையும் காயும் வாடுவதோடு அன்றைய விலையும் போய்விடும்.

எண்ணூரில் 1948ஆம் ஆண்டு அசோக் மோட்டார்ஸ் நிறுவப்பட்ட காலந்தொட்டு வடசென்னையில் மோட்டார்த் தொழில் வளர்ந்து வந்துள்ளது. பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் பழுது எங்குள்ளது என்பதை அறிந்து பட்டறைக்குச் சென்றால்தான் வீண் செலவைத் தவிர்க்க முடியும். சிறு ரப்பர் வாஷரை மாற்ற வேண்டிய இடத்தில் கியர் பெட்டியை இறக்கிக் கிளட்ச் தட்டை மாற்றுவது பெருஞ்செலவு அல்லவா?

இயங்கும் விதம்

சில வண்டிகளில் கிளட்ச் கம்பி வடத்தால் (கேபிள்) இயங்கும். மற்றவற்றில் ஆயில் அழுத்தத்தால் இயங்கும். இக்கட்டுரை இரண்டாம் வகைக்கே பொருந்தும். மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் ஆயிலைக் குழாய் வழியே தள்ளுகிறது. கியர் பெட்டியருகே உள்ள ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் அதனால் நகர்ந்து கிளட்சை விடுவிக்கிறது.

உதாரணமாக, மாஸ்டர் பிஸ்டனின் பரப்பு 2 சதுர செ.மீ., ஸ்லேவ் பிஸ்டனின் பரப்பு 3 சதுர செ.மீ. என்று கொள்வோம். மாஸ்டர் பிஸ்டன் 30 மி.மீ. நகர்ந்தால் 6 கன செ.மீ. ஆயில் செல்லும், ஸ்லேவ் பிஸ்டன் 20 மி.மீ. நகரும். மிதிக்கும்போது அதில் 2 கன செ.மீ. வழியிலேயே கசிந்து போனால் ஸ்லேவ் பிஸ்டன் சுமார் 13 மி.மீ. மட்டுமே நகரும். கிளட்ச் முழுவதும் விடுபடாது. உள்ளே காற்று புகுந்தாலும் இதே நிலைதான். ஏனெனில் காற்று அழுத்தத்தில் சுருங்கும். ஆயில் அவ்வாறு சுருங்காது.

அறிகுறிகள்

மிதி பஞ்சுபோல் அமிழ்தல், பலமுறை மிதித்த பின்பே கியர் விழுதல், ரிவர்ஸ் கியர் போடும்போது கரகரவென ஒலித்தல், தொட்டியில் ஆயில் அளவு குறைதல் ஆகியவை கசிவின் அறிகுறிகள். எஞ்சின் வேகம் கூடியும் வண்டி பாரத்தை இழுக்காமல், தீய்ந்த வாடை வந்தால் பெரும்பாலும் கிளட்ச் தட்டு தேய்ந்துள்ளது என்று கொள்ளலாம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கசியும் இடத்தைக் காணுதல்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் செல்லலாகாது. உறுதியான தாங்கிகளை வைக்க வேண்டும். எஞ்சின் ஆறிய பின் கீழ்க்கண்ட இடங்களைத் துடைத்துவிட்டு, ஒருவரை மிதிக்கச் செய்து பார்க்கவும்.

1. மிதியின் மேற்பகுதி: மிதியுடன் இணையும் தண்டில் ஈரமிருந்தாலும், கால் விரிப்பில் ஆயில் சொட்டியிருந்தாலும் மாஸ்டர் சிலிண்டர் வாஷர் பழுது.

2. குழாய் இணைப்புகளும் ரப்பர் ஹோஸும்: வெடிப்பு, உப்பல், துரு ஆகியவற்றைக் கவனிக்கவும். கடலோர உப்புக்காற்றில் இரும்புக் குழாய் விரைவில் துருப்பிடிக்கும்.

3. ஸ்லேவ் சிலிண்டர்: ரப்பர் உறையைச் சிறிது விலக்கினால் ஆயில் வழிந்தால் உள் வாஷர் பழுது.

4. கிளட்ச் கூட்டின் அடிப்புறம்: சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கூட்டினுள்ளேயே இருக்கும். அவற்றில் மட்டும் கியர் பெட்டியை இறக்குவது தவிர்க்க முடியாதது.

சொட்டுவது எந்த ஆயில் என்ற ஐயம் எழலாம். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் மிதக்கும். வழக்கமான பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும்.

வெளியில் ஈரமே இல்லாமல், அழுத்திப் பிடித்த மிதி மெல்லக் கீழிறங்கினால், மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ஆயில் வாஷரைத் தாண்டுகிறது என்று அறியலாம்.

பழுது நீக்குதல்

சிலிண்டரைக் கழற்றி உட்சுவரை விரலால் தடவிப் பார்க்கவும். வழவழப்பாக இருந்தால் வாஷர் கிட் மாற்றினால் போதும். கீறலோ துருக்குழியோ இருந்தால் புதிய வாஷரும் சில நாட்களில் கிழிந்துவிடும்; சிலிண்டரையே மாற்றுவது சிக்கனம். உறுப்புகளைப் புதிய பிரேக் ஆயிலால் மட்டுமே கழுவ வேண்டும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் கூடாது.

அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலைத் தொட்டியில் ஊற்றுவது பெருந்தவறு. ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டுவிடும். சில வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே தொட்டி உண்டு. அங்கு இத்தவறு பிரேக்கையும் கெடுத்து உயிருக்கே ஆபத்தாக முடியும். அத்தகைய வண்டியில் ஆயில் குறைந்தால் ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

காற்றை வெளியேற்றுதல்

இதற்கு இருவர் தேவை.

1. தொட்டியை மூடியில் குறித்துள்ள தர ஆயிலால் நிரப்பவும்.

2. ஸ்லேவ் சிலிண்டர் நிப்பிளில் கண்ணாடி போன்ற குழாயைச் செருகி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் உள்ள புட்டியில் அமிழ்த்தவும்.

3. ஒருவர் மிதியை மெதுவாக அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறக்கவும். ஆயிலும் குமிழிகளும் வரும்.

4. நிப்பிளை மூடிய பின்னரே மிதியை விட வேண்டும். முன்னதாக விட்டால் காற்று மீண்டும் புகும்.

5. குமிழி நிற்கும்வரை திரும்பச் செய்யவும். இடையிடையே தொட்டியை நிரப்பவும்.

வெளிவந்த ஆயிலைத் திரும்ப ஊற்றலாகாது.

பராமரிப்பு

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 தர ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலைக்கு விதித்த அளவு 140 டிகிரி மட்டுமே. ஈரம் உள்ளே துருவையும் உண்டாக்கும். எனவே சிறு டப்பாவாக வாங்கி, இறுக மூடி வைத்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவது நலம். சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் வண்டி சென்றிருந்தால் ஸ்லேவ் சிலிண்டர் உறையைச் சோதிக்கவும்.

இந்த ஆயில் பெயிண்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீரால் கழுவவும். இது நஞ்சு. குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைக்கக் கூடாது. கழிவு ஆயிலைக் கிணற்றங்கரையிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் பட்டறையில் கொடுத்துவிடவும்.

மூடிய தொட்டியில் ஆயில் தானாக ஆவியாகிக் குறைவதில்லை. அளவு குறைந்துகொண்டே வந்தால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். மேலும் மேலும் ஊற்றுவது மருந்தாகாது. சந்தைக்குப் புறப்படும் முன் தொட்டியை ஒரு முறை பார்த்துவிட்டால், ஏற்றிய காய் வாடாமல் சேர வேண்டிய இடம் சேரும்.