டப்பா இயந்திரம் சுற்றாவிட்டால் எங்கே பார்ப்பது?

காலிக் குளிர்பான டப்பாக்களை வெட்டி, பள்ளிக் கண்காட்சிக்காகப் பிள்ளைகள் செய்யும் பொருட்களில் ஸ்டெர்லிங் இயந்திரம் எனப்படும் வெப்பக்காற்று இயந்திரமும் ஒன்று. நாலு நாள் உழைத்துச் செய்தது சுற்றவில்லை என்றால், வீட்டில் ஆயில் என்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த தகப்பனாரிடம்தான் அது வந்து சேரும். பழுது பெரும்பாலும் சிறியதே. பார்க்கும் முறைதான் தெரிய வேண்டும்.

ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் ராபர்ட் ஸ்டெர்லிங் 1816-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இதில் வால்வும் இல்லை, நீராவியும் இல்லை. டப்பாவுக்குள் அடைபட்ட காற்றுதான் வேலை செய்கிறது. அடிப்பக்கம் மெழுகுவர்த்தியால் சூடாகிறது. மேல்பக்கம் குளிர்ந்த நீர் நிற்கிறது. உள்ளே தளர்வாக ஆடும் உள் டப்பா மேலே போனால் காற்று சூட்டுப் பக்கம் வந்து விரிகிறது. அது கீழே இறங்கினால் காற்று குளிர்ந்த பக்கம் போய்ச் சுருங்குகிறது. இதனால் பக்கக் குழாயில் கட்டிய பலூன் உப்பியும் வற்றியும் கிராங்க் கம்பியைத் தள்ளி இழுக்கிறது.

சுற்றவில்லை என்றதும் தீயைக் கூட்டுவதே பலரும் செய்யும் தவறு. கம்ப்ரெஷன் போன ஆயில் என்ஜினுக்கு அதிக டீசல் விட்டால் ஓடுமா? தீயைக் கூட்டினால் மேல்பக்கமும் சூடேறும், பசை இளகும். இருந்த சக்தியும் போய்விடும்.

முதலில் பலூனையும் உள் டப்பாவையும் கிராங்க் கம்பியிலிருந்து கழற்றிவிட வேண்டும். அடியில் மெழுகுவர்த்தி வைத்து இரண்டு நிமிடம் கழித்து, உள் டப்பாவை அதன் நூலால் கையால் மெதுவாகத் தூக்கி இறக்க வேண்டும். தூக்கும்போது பலூன் உப்பி, இறக்கும்போது வற்றினால் காற்றுப் பக்கம் சரி. கோளாறு கிராங்க் பக்கத்தில் உள்ளது. பலூன் அசையாவிட்டால் காற்று எங்கோ கசிகிறது என்று கொள்ளலாம். இந்த ஒரு சோதனை பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

கசிவைப் பார்க்க, ஆறவைத்த பின் பலூனைக் கழற்றி, அந்தக் குழாய் வழியே வாயால் மெல்ல ஊதி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழ் காட்டிக்கொடுத்துவிடும். நூல் நுழையும் துளையே முதல் குற்றவாளி. குண்டூசியால் குத்திய துளையில் தூண்டில் நரம்பு உரசாமல் ஓடினால் போதும். ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் மிச்சக் கசிவை அடைக்கும். உள் டப்பாவுக்கும் வெளிச் சுவருக்கும் சுற்றிலும் 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். எங்கேனும் உரசினால் இயந்திரம் நின்றுவிடும்.

கிராங்க் பக்கத்தில், இரண்டு வளைவுகளும் கடிகாரத்தில் 12-ம் 3-ம் போலச் செங்கோணமாக இருத்தல் அவசியம். சுற்றும் திசையில் உள் டப்பாவின் வளைவு முந்த வேண்டும். ஆகவே ஒரு திசையில் சுற்றிவிட்டு ஓடாவிட்டால் மறுதிசையில் சுற்றிப் பார்க்கவும். சக்கரம் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நின்றால் எதிர்ப்பக்கம் சிறு எடை ஒட்ட வேண்டும். பலூனை விறைப்பாகக் கட்டக்கூடாது.

ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறதா? மேலே உள்ள நீர் சுட்டுவிட்டது. மாற்றினால் மீண்டும் ஓடும். அலுமினியம் இரும்பைவிட வேகமாகச் சூட்டைக் கடத்துவதால், வெளிச்சுவருக்குக் காந்தம் ஒட்டும் தகர டப்பா மேல். வெட்டிய விளிம்பு கையைக் கிழிக்கும், கவனம்.

இதைப் பெரிதாக்கிக் கிணற்றில் பூட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. டப்பா இயந்திரத்தின் சக்தி ஒரு வாட்டுக்கும் குறைவு. ஒரு குதிரைத்திறன் 746 வாட். உமியை எரித்து ஓடும் 5 குதிரைத்திறன் ஸ்டெர்லிங் இயந்திரம் 1980-களில் சென்னையில் தயாரானது உண்மையே. ஆனால் அது கனத்த வார்ப்பிரும்பு வேலை, டப்பா வேலை அல்ல. டப்பா மாதிரியைக் காட்டி எவரேனும் பம்புசெட்டுக்கு முன்பணம் கேட்டால், முழு அளவு இயந்திரத்தை அரை மணி நேரம் நீர் இறைத்துக் காட்டச் சொல்லிவிட்டுப் பிறகு பேசலாம்.