மரமா, நுரையா? முப்பரிமாணப் புதிரை எப்படித் தேர்ந்தெடுப்பது

மாணவர்களே, ஈப்போவில் ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்குள் நுழைகிறீர்கள். ஒரு பெட்டியில் ஆறு மரத்துண்டுகளைக் கோத்துச் செய்யும் முடிச்சுப் புதிர். இன்னொன்றில் நுரைத் துண்டுகளால் கட்டும் கோட்டை. எதை வாங்குவது? பெரும்பாலோர் விலையையும் படத்தையும் பார்ப்பார்கள். நீங்கள் இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: பசையும் ஆணியும் இல்லாமல் இந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பது எது?

மரத்தில்: வடிவம் பிடிக்கிறது

சீனாவில் லூபான் பூட்டு என்று அழைக்கப்படும் மரப் புதிரை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒவ்வொரு துண்டிலும் பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்று உட்காரும். கடைசித் துண்டு சாவி போல நுழைந்து மற்ற ஐந்தையும் பூட்டிவிடும். கைவிரலின் அழுத்தத்துக்கு மரம் நசுங்குவதில்லை. அதனால் தவறான வழியில் தள்ளினால் துண்டு நகராது; சரியான வழியில் மட்டுமே நகரும். புதிரின் சுவையே அதுதான். ஆனால் பள்ளத்துக்கும் துண்டுக்கும் இடையிலான இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதிதான். அளவு சற்றுத் தவறினாலும் துண்டு ஆடும், அல்லது சிக்கிக்கொள்ளும்.

நுரையில்: அழுத்தம் பிடிக்கிறது

நுரைக்குள் எண்ணற்ற நுண்ணிய காற்று அறைகள் உள்ளன. துண்டைப் பள்ளத்துக்குள் அழுத்தும்போது அவை சுருங்கி, பழைய நிலைக்குத் திரும்ப முயன்று சுவரைத் தள்ளுகின்றன. இந்தத் தள்ளுவிசை கூடும்போது உராய்வும் கூடுகிறது, துண்டு நிற்கிறது. வெட்டியதில் சிறு பிழை இருந்தாலும் நுரை அதைப் பொறுத்துக்கொள்ளும். எடையும் குறைவு என்பதால் நூற்றுக்கணக்கான துண்டுகளை அடுக்கி உயரமான கோபுரம் கட்டலாம். கனடாவின் மொன்றியாலில் 1991இல் தொடங்கப்பட்ட ரெபிட் நிறுவனம், நுரையின் மேல் படம் ஒட்டிய துண்டுகளால் கோட்டைகளையும் கட்டடங்களையும் புதிராக்கிப் புகழ்பெற்றது இதனால்தான்.

நம் ஊர் மரம்

மரப் பொம்மைப் பெட்டிகள் பலவற்றில் ‘ரப்பர் மரம்’ என்று எழுதியிருக்கும். லகாட் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான மரமல்ல. உங்கள் தாத்தா பாட்டி பால் வெட்டிய அதே மரம்தான். பேராக்கில் இதன் வரலாறு நீண்டது: 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகளில் ஒன்று மரமாக இன்றும் அங்கே நிற்கிறது.

ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகளில் பால் குறைந்ததும் மரத்தை வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். முன்பு அந்தக் கட்டை பெரும்பாலும் விறகாகத்தான் போனது. ரப்பர் தகடுகளைப் புகைமூட்டிக் காயவைக்கவும் அதுவே எரிந்தது. வெட்டிய சில நாளிலேயே பூஞ்சையும் வண்டும் அரித்துவிடும் என்பதே அதன் குறை. போரான் உப்புக் கரைசலை ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு அது மேசை நாற்காலியாகவும் பொம்மையாகவும் மாறியது. தாய்லாந்தின் பிளான்டாய்ஸ் நிறுவனம் பால் வற்றிய ரப்பர் மரத்தைக் கொண்டே பொம்மை செய்கிறது.

மழைக்காலத்தில் புதிர் ஏன் சிக்குகிறது?

மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும், உலர்ந்தால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அல்ல. இழையின் நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு. குறுக்குவாக்கில்தான் அதிகம், அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கில், மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையைவிட ஏறக்குறைய இரு மடங்கு. 20 மில்லிமீட்டர் அகலத் துண்டு 1 விழுக்காடு உப்பினால் 0.2 மில்லிமீட்டர் கூடும். இடைவெளி 0.1 மில்லிமீட்டர்தான் என்றால் புதிர் இறுகிவிடும். குளிரூட்டிய கடையில் வழுக்கிக்கொண்டு போன துண்டு வீட்டில் அசைய மறுப்பதற்கு இதுவே காரணம். அதைச் சுத்தியலால் தட்டாதீர்கள். சில நாள் குளிரூட்டிய அறையில் வையுங்கள். டைனோசர் எலும்புக்கூடு போன்ற புதிர்களை ஒட்டுப்பலகையில் செய்வதற்கும் காரணம் உண்டு. அதில் அடுத்தடுத்த அடுக்குகளின் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதால், ஒன்றின் அசைவை மற்றொன்று தடுக்கிறது.

நுரைக்கு ஈரத்தால் பெரிய பாதிப்பு இல்லை. அதற்கு எதிரிகள் வெப்பமும் காலமும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் அது சுருங்கி வளையலாம். பல நாள் அழுந்திக் கிடந்தால் முழுதாக மீளாது, பிடிப்புத் தளரும்.

வாசனையையும் கவனியுங்கள். சில நுரைப் பாய்ப் புதிர்களில் ஃபார்மமைட் என்ற வேதிப்பொருள் இருந்ததால் 2010இல் பெல்ஜியம் அவற்றின் விற்பனையைத் தடுத்தது. 2015இல் ஐரோப்பிய ஒன்றியம் பொம்மை நுரைக்கு அதன் வரம்பை நிர்ணயித்தது. கடும் வாசனை வீசும் நுரையைக் காற்றோட்டமான இடத்தில் விரித்து வையுங்கள். பெட்டியில் ‘எம்சி’ முத்திரை உள்ளதா என்றும் பாருங்கள். சிறு தம்பி தங்கை இருக்கும் வீட்டில், கடித்துப் பிய்த்த நுரைத்துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

எதை வாங்கலாம்?

பூட்டு, முடிச்சு போல மீண்டும் மீண்டும் கழற்றிக் கோக்கும் புதிரா? மரம். உயரமாகக் கட்டி அலமாரியில் வைக்கும் மாதிரியா? நுரை. பிடிப்பு வடிவத்தில் இருந்து வருகிறதா, அழுத்தத்தில் இருந்து வருகிறதா என்று பார்த்தால் விடை தானாகக் கிடைக்கும்.

செய்து பாருங்கள்

1. மரத்துண்டு ஒன்றின் நீளத்தையும் அகலத்தையும் வெர்னியர் அளவியால் அளந்து எழுதுங்கள். ஒரு வாரம் குளிரூட்டிய அறையில் வைத்து மீண்டும் அளங்கள். எந்த அளவு அதிகம் மாறியது?

2. நுரைத்துண்டின் தடிமனை அளந்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். எடுத்து ஒரு மணி நேரம் கழித்து அளங்கள். குறைந்த தடிமனை முதல் தடிமனால் வகுத்து 100ஆல் பெருக்கினால், மீளாத அழுத்தம் எத்தனை விழுக்காடு என்று தெரியும்.

சிந்திக்க: மரப் புதிரின் துண்டுகளுக்கு வண்ணச் சாயம் தடிமனாகப் பூசினால் அது முன்போலக் கோக்குமா? ஏன்?