மறதி நோய் பற்றிய அறிவை அளத்தல் - அரபு மொழியினரிடையே

முதுமையில் வரும் 'டிமென்சியா' நோயைப் பற்றி ஒரு சமூகம் எவ்வளவு அறிந்திருக்கிறது என்பதை அளக்க முடியுமா? கணக்குப் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட எமக்கு இக்கேள்வியில் தனி ஆர்வம் உண்டு.

2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அல்ஸைமர் நோய் பற்றி 30 கூற்றுகள் கொண்ட வினாக்கொத்தை வெளியிட்டனர். சரி அல்லது பிழை என்பதே விடை. கண்ணை மூடிக்கொண்டு குறியிடுபவருக்கும் சராசரியாக 15 புள்ளி கிடைத்துவிடும்! பின்னர் அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாப் பல்கலைக்கழகத்தில் 25 கூற்றுகள் கொண்ட மற்றொன்றை ஆக்கினர். இதில் 'சரியாக இருக்கலாம்', 'பிழையாக இருக்கலாம்', 'தெரியாது' என்பனவும் உண்டு. உறுதியான சரிவிடைக்கு 2, அரை உறுதிக்கு 1, ஏனையவற்றுக்குப் பூச்சியம், மொத்தம் 50.

தெரியாதவருக்கும் தவறாக அறிந்தவருக்கும் ஒரே பூச்சியம் என்பது எமக்கு உடன்பாடில்லை. பதியாத கணக்கு வேறு, பிழையாகப் பதிந்த கணக்கு வேறு. 'வயது போனால் இப்படித்தான்' என்று உறுதியாக நம்பும் குடும்பம் வைத்தியரிடம் போகாது. தெரியாதவர் யாரிடமாவது கேட்டுப் பார்ப்பார்.

இத்தகைய வினாக்கொத்தை அரபுக்குக் கொண்டுவரும்போது ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைக் காணாத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்குவார், இரண்டையும் ஒப்பிடுவர். ஆயினும் சிக்கல் முதற் சொல்லிலேயே இருக்கிறது. டிமென்சியாவுக்கு அரபுச் சொல் 'ஹரஃப்'. அது கிழவர் பிதற்றுவதைக் குறிக்கும், ஏச்சாகவும் வழங்கும். எம்மவர் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பதில்லையா, அதுபோலத்தான். தன் தாயை அச்சொல்லால் குறிக்க எந்த மகன் விரும்புவான்? 'ஸஹைமர்' என்றால் கூச்சம் குறைவு. 2010இல் ஆதில் இமாம் நடித்த எகிப்தியத் திரைப்படத்தின் பெயரே அதுதான். ஆனால் அல்ஸைமர், டிமென்சியா வகைகளில் ஒன்று மட்டுமே. மூளையின் இரத்தக் குழாய்ப் பாதிப்பால் வருவது போன்ற பிற வகைகளை அப்பெயர் தொடாது.

அடுத்தது எழுத்து மொழி. மொறோக்கோக்காரரும் ஈராக்கியரும் வீட்டில் பேசும் அரபு வெகுவாக வேறுபடும். வினாக்கொத்து இருப்பதோ பாடசாலை அரபில். 2021 அவுஸ்திரேலியக் குடிசனக் கணக்கெடுப்பில் 3 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீட்டில் அரபு பேசுவதாகக் கூறினர். அவர்களுள் பாடசாலை காணாத முதியவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டவேண்டும். வாசிப்பவர் சொந்த மகளாயின், 'இந்நோயுள்ளவர் பேசுவது மற்றவர்க்கு விளங்காது' என்ற கூற்றுக்கு அந்தத் தாய் அறிந்ததைச் சொல்வாரா, மகள் மனம் நோகாததைச் சொல்வாரா?